அறிக்கை எண்ணிலிருந்து தொடங்குங்கள்

நூலகப் பட்டியலில் சேர்க்க ஒரு தொழில்நுட்ப அறிக்கை மேசைக்கு வந்தால் தலைப்பை அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் தேடுவது அறிக்கை எண். பல வாசகர்கள் அந்த எண்ணை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள்.

பெரும்பாலும் அது அட்டையின் மூலையில் இருக்கும். சிலவற்றில் இரண்டு எண்கள்: ஆய்வு செய்த நிறுவனம் தந்தது ஒன்று, பணம் கொடுத்த நிறுவனம் தந்தது இன்னொன்று. இரண்டையும் பதியுங்கள். நூலகப் பட்டியலைக் கணினியில் பதியும் வடிவமான மார்க் 21இல் ஒவ்வொரு வகை விவரத்துக்கும் எண்ணிட்ட ஓர் இடம், அதாவது புலம், உண்டு. அறிக்கை எண்ணுக்கு 088 புலம். தரப்படுத்தப்பட்ட அறிக்கை எண் என்றால் 027. கோடு, சாய்கோடு, புள்ளி எல்லாம் அச்சில் உள்ளபடியே வரட்டும். ஒருமுறை 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம் அடித்துவிட்டேன். அலமாரியிலேயே இருந்த அறிக்கையை ஓர் ஆராய்ச்சி மாணவி இரண்டு நாள் தேடினார். அன்றிலிருந்து எண்ணை விரல் வைத்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்க்கிறேன்.

ஒப்பந்த எண்ணை 088இல் போட்டுவிடாதீர்கள். அதன் இடம் 536. இறுதி அறிக்கையா, இடைக்கால அறிக்கையா, எந்தக் காலத்துக்கு உரியது என்பதெல்லாம் 513.

ஆசிரியரோடு நிறுவனத்துக்கும் 710இல் பதிவு கொடுங்கள். நிறுவனம் பிறகு பெயர் மாறியிருந்தாலும், அறிக்கை வந்தபோது இருந்த பெயர்தான் சரி. அறிக்கை எதைப் பற்றியது என்று காட்டும் பொருள் தலைப்புகள் வழக்கம்போல. உள்ளே ஆவண விவரப் படிவம் இருந்தால், ஆய்வுச் சுருக்கத்தை அதிலிருந்தே 520க்கு எடுத்துக்கொள்ளலாம்.