சிப் போட்ட பக்கி ஸ்டார்ட் ஆகவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

தைப்பூசத்துக்கு முந்தின இரவு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் மச்சான் வீட்டு வாசலில் அவருடைய டீசல் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, நிற்கிறது. பின்னால் தேங்காய் மூட்டை, வாழைத்தார், காவடிக்குக் கட்ட வேண்டிய மயிலிறகு. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. 2 வாரத்துக்கு முன்புதான் இழுவையைக் கூட்ட ஒரு பவர் சிப் போட்டிருந்தார். “சிப்புதான் கெடுத்துடுச்சு மாப்பிள்ளை, பம்பே போயிருக்கும்” என்று தலையில் கை வைத்துவிட்டார். பம்பும் போகவில்லை, சிப்பும் கெடவில்லை. ஒரு பிளக்கின் பூட்டு சரியாக விழாமல் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு 3 மணி நேரம் ஆனது. வரிசையாகப் பார்த்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிப் என்ன செய்கிறது?

சிப் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஒரு சின்னப் பெட்டி. இஞ்செக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தோடு பங்கிடும் குழாய்க்கு ரெயில் என்று பெயர். அதன் மேல் அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கும். அந்தச் சென்சாருக்கு மூன்று கம்பி: 5 வோல்ட் சப்ளை, எர்த், சிக்னல். சிப் பெட்டி அந்தச் சென்சாருக்கும் இஞ்சினை நடத்தும் கணினியான இ.சி.யு.வுக்கும் நடுவில் உட்கார்ந்து, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டுகிறது. இ.சி.யு. அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. இஞ்செக்டர் திறந்திருக்கும் அதே நேரத்துக்குள் கொஞ்சம் கூடுதல் டீசல் உள்ளே போகிறது, இழுவை கூடுகிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. அந்தச் சிக்னல் நடுவில் அறுந்தால், ரெயிலில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று இ.சி.யு.வுக்குத் தெரியாது. அப்போது ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஓடுகிற வண்டி நின்றுவிடும்.

இ.சி.யு.வின் மென்பொருளையே மாற்றுவது இன்னொரு வகை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

1. எப்போது நிற்கிறது என்று எழுதி வையுங்கள்

காலையில் குளிரில் மட்டுமா? ரோபோவில், அதாவது டிராஃபிக் சிக்னலில், நிற்கும்போதா? ஜோஹன்னஸ்பர்க் போகும் வழியில் வான் ரீனன் மலை ஏற்றத்தில் சுமையோடு போகும்போதா? ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டும். ரோபோவில் கால் எடுத்தவுடன் நின்றால் சென்சார் சிக்னல், வயரிங் பக்கம் பாருங்கள். சுமையோடு ஏறும்போது நின்றால் டீசல் போதவில்லையா என்று பாருங்கள். நன்றாகச் சூடான பிறகு நின்று, ஆறினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால், இஞ்சின் சுற்றுவதை அளக்கும் கிராங்க் சென்சார்மீது சந்தேகம் வரலாம். அதற்கும் சிப்புக்கும் சம்பந்தம் இல்லை.

ஓடும்போது வண்டி நின்றுவிட்டால் ஸ்டியரிங் கனமாகிவிடும். பிரேக்குக்கு உதவும் வேக்யூம் சில மிதிப்புக்குத்தான் வரும். ஆகவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். என்3 நெடுஞ்சாலையில் பின்னால் கன்டெய்னர் லாரி வந்துகொண்டிருக்கும்.

2. பேட்டரி

சிப் போட்ட வண்டியில் யாரும் முதலில் பார்க்காதது இதுதான். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போனால் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் கவனியுங்கள். வோல்ட் விழுந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும், ரெயிலில் போதிய அழுத்தம் ஏறாது, இஞ்செக்டர் திறக்காது. பார்ப்பவருக்குச் சிப் கெட்டது போலவே தெரியும்.

ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், நடுவில் அரை நிமிடமாவது விடுங்கள். ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கவே கூடாது. குளோ பிளக் (ஸ்டார்ட் ஆகும் முன் சூடேற்றும் பிளக்) உள்ள டீசல் இஞ்சினில் அது வெடித்து இஞ்சினையே உடைத்துவிடும்.

3. சிப்பைக் கழற்றி, பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்

சாவியை எடுத்துவிட்டு 15 நிமிடம் பொறுங்கள். இ.சி.யு. தூங்கப் போகட்டும். சாவி போட்டிருக்கும்போதே பிளக்கை உருவினால் தேவையில்லாத பிழைக் குறியீடு விழும். அப்புறம் எது பழைய பிழை, எது நீங்கள் உண்டாக்கியது என்று தெரியாது.

சிப்பின் இரண்டு பிளக்கையும் உருவிவிட்டு, வண்டியின் சொந்தப் பிளக்கை நேரே சென்சாரில் மாட்டுங்கள். சில பெட்டிகளோடு ஒரு பைபாஸ் பிளக் வரும். இருந்தால் பெட்டியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் அதை மாட்டினால் போதும். டீசல் குழாயின் நட்டை மட்டும் தொடாதீர்கள். வண்டி ஓடும்போது அதற்குள் ஆயிரம் பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அளவு) மேலும் அழுத்தம் ஏறும், பீறிட்டால் தோலைத் துளைத்துவிடும்.

இப்போது ஸ்டார்ட் ஆகிறதா? ஆகவில்லை என்றால் சிப்பை மறந்துவிட்டு 5ஆம் படிக்குப் போங்கள். ஆகிறது என்றாலும் சிப்பைக் குப்பையில் போடாதீர்கள், அடுத்த படி இருக்கிறது.

4. பிளக்குகளைக் கண்ணால் பாருங்கள்

டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். டர்பன் கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், பின்களில் பச்சைப் பாசி போல ஒரு படிவு வரும். மூன்று பின்னும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா? ஒன்று பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தால் வெளியிலிருந்து பிளக் நன்றாக மாட்டியது போலவே இருக்கும், உள்ளே தொடாது. மச்சான் பக்கியில் பின்கள் சுத்தமாக இருந்தன. ஆனால் பூட்டின் நாக்குக்கு அடியில் ஒரு சின்ன மண் துகள் இருந்ததால் “டக்” என்று விழவில்லை. இஞ்சின் அதிரும்போதெல்லாம் பிளக் அரை மில்லிமீட்டர் நகர்ந்துகொண்டிருந்தது.

காண்டாக்ட் கிளீனர் அடித்து, காய விட்டு, “டக்” சத்தம் கேட்கும் வரை அழுத்துங்கள். சிப்பின் வயர் டர்போ, எக்ஸாஸ்ட் பக்கம் உரசாமல் கட்டுங்கள். உருகின வயர் சூட்டில் மட்டும் தொந்தரவு கொடுக்கும், அதைப் பிடிப்பது கஷ்டம்.

இங்கே நிறைய பக்கிகளில் இன்சூரன்ஸுக்காக, வண்டி இருக்கும் இடத்தைக் காட்டும் டிராக்கர் மாட்டியிருப்பார்கள். ஸ்டார்ட்டரே சுற்றவில்லை, அல்லது டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்குகிறது என்றால் அது திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் அல்லது டிராக்கர் கட்டின வயராக இருக்கலாம். அதைச் சிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

5. குறியீடுகளைப் படியுங்கள்

வண்டியில் மாட்டிப் பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஒரு மலிவான ஓ.பி.டி. ரீடர் போதும். பி0190 முதல் பி0193 வரை வந்தால் ரெயில் சென்சாரின் சர்க்யூட், அதாவது மேலே பார்த்த பிளக்கும் வயரும். பி0088 வந்தால் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறியிருக்கிறது, சிப்பின் அளவைக் குறையுங்கள். பி0335 கிராங்க் சென்சார் சர்க்யூட்.

பி0087 வந்தால் நிதானமாக யோசியுங்கள். அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். சிப் இருக்கும்போது வருகிறது, கழற்றினால் வரவில்லை என்றால் எல்லோரும் சிப்பைத்தான் திட்டுவார்கள். பல நேரம் குற்றவாளி அடைத்துப்போன டீசல் ஃபில்டர். சாதாரண ஓட்டத்துக்கு அந்த ஃபில்டர் ஈடுகொடுத்திருக்கும், சிப் கேட்கிற கூடுதல் டீசலுக்கு ஈடுகொடுக்காது. ஃபில்டரை மாற்றுங்கள், அடியில் தேங்கின தண்ணீரை வடியுங்கள், அப்புறம் சிப்பைப் பற்றி முடிவெடுங்கள்.

மென்பொருளை மாற்றின வண்டியா?

இதில் கழற்றுவதற்குப் பெட்டி இல்லை. புரோகிராமர் என்ற ஏற்றும் கருவியில் சேமித்த பழைய ஃபைலை மறுபடி ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பேட்டரி இறங்கினால் இ.சி.யு. பாதியில் நின்றுவிடும், வண்டி சுத்தமாக அசையாது. சார்ஜரை மாட்டிக்கொண்டு செய்யுங்கள். அந்தச் சார்ஜர் வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது என்றால், உங்கள் பகுதிக்கு அன்றைக்கு மின்வெட்டு உண்டா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ஏற்கெனவே பாதியில் நின்றுவிட்டதா? திரும்பத் திரும்ப முயலாமல், ஏற்றிக் கொடுத்தவரிடமே கொண்டுபோங்கள்.

6. மறுபடி மாட்டுவது

எல்லாம் சரியான பிறகு குறியீடுகளை அழித்துவிட்டு, சிப்பை மிகக் குறைந்த அளவில் வைத்து மாட்டுங்கள். 5 நிமிடம் ஐடிலில் விட்டுக் கேளுங்கள், இஞ்சின் ஏறி இறங்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். டர்பனில் வைத்த அளவு ஜோஹன்னஸ்பர்க்குக்குப் பொருந்தாமல் போகலாம். அது சுமார் 1,750 மீட்டர் உயரம், காற்று மெலிது, அதே டீசலுக்குப் புகை கூடும். டர்பனுக்கு வெளியே கீ ரிட்ஜ் ஏற்றம் வரைக்கும் சுமையில்லாமல் ஒரு முறை, சுமையோடு ஒரு முறை போய்வந்து ரீடரை மறுபடி மாட்டிப் பாருங்கள். குறியீடு ஒன்றும் இல்லை என்றால் அளவை ஒரு படி மட்டும் ஏற்றலாம். சிப் போட்டதை இன்சூரன்ஸுக்கு இன்னும் சொல்லவில்லை என்றால் அந்த வாரமே சொல்லிவிடுங்கள்.