ஹோட்டன் சமவெளியில் முதல் கூடாரம்: குளிரிலிருந்து தொடங்குங்கள்

ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்கா நுவரெலியா நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "சிறுத்தை வராதா?" என்பதுதான். வரலாம். ஆனால் இதுவரை என்னை அங்கே நடுங்கவைத்தது குளிர் மட்டுமே. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும்.

1. அனுமதி

வனசீவராசிகள் திணைக்களத்திடம் முன்கூட்டியே பதிவுசெய்யுங்கள். அவர்கள் ஒதுக்கும் இடத்தில்தான் தங்கலாம். எந்த வாயிலால் உள்ளே போகிறீர்கள் (பட்டிப்பொல அல்லது ஓஹிய), எப்போது திரும்புவீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுங்கள்.

2. மழை, மண்சரிவு

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுக்கும். போகும் வழியில் மஞ்சள் என்றாலே நான் பயணத்தைத் தள்ளிவைத்துவிடுவேன். கோழைத்தனம் என்று நண்பர்கள் சிரிப்பார்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்து லயன் குடியிருப்புகள் மண்சரிவில் மண்ணுக்குள் போனதைக் கேட்டு வளர்ந்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சரிந்து நிற்கும் மரம், திடீரெனக் கலங்கிவரும் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்தச் சரிவை விட்டு உடனே விலகுங்கள்.

3. கூடாரம்

பிற்பகல் மூடுபனி இறங்குமுன் அடித்து முடியுங்கள். முதல்தடவை நான் காற்றுப் படாதென்று ஒரு பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தேன். குளிர்காற்று அங்கேதான் தேங்கும் என்பது பிறகுதான் புரிந்தது. போதாததற்குத் தரைவிரிப்பின் ஓரம் கூடாரத்துக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. பெய்த மழையை அது வாங்கி, நேராக என் முதுகுக்கடியில் கொண்டுவந்து விட்டது. நள்ளிரவில் போர்வையைப் பிழிந்தேன். மேடான இடம் பாருங்கள். விரிப்பின் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள்.

4. இரவு

உடம்பின் சூட்டை அதிகம் உறிஞ்சுவது நிலம். ஆகவே மேலே போர்த்துவதைவிடக் கீழே தடிப்பாக விரிப்பது முக்கியம். உறங்குவதற்கென்று ஒரு சோடி உலர்ந்த உடுப்பைத் தனியே வைத்திருங்கள்.

எவ்வளவு குளிர்ந்தாலும் தணல் சட்டியைக் கூடாரத்துக்குள் கொண்டுவராதீர்கள். புகை அடங்கிவிட்டதே என்று நினைப்போம். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. முதலில் தலைவலி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழும்பாமலே போகலாம். வெளியிலும் காவலர் காட்டும் இடத்தைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டவேண்டாம். காய்ந்த புல் ஒரு பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

5. விலங்குகள்

பாணையும் டின் மீனையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தால் காட்டுப்பன்றிக்கு நீங்களே அழைப்பு அனுப்பியதாகிவிடும். சாப்பாடு வாகனத்துக்குள் இருக்கட்டும். மரை அருகே வந்தாலும் தீனி கொடுக்காதீர்கள். இரவில் வெளியே போவதானால் இருவராக, டோர்ச்சுடன் போங்கள். சிறுத்தையைக் கண்டால் ஓடவேண்டாம். முகம் அதன் பக்கமிருக்க மெதுவாகப் பின்வாங்குங்கள்.

6. குளவி

தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. குளவி கலைந்தால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு வேகமாக அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். கொட்டுப்பட்டவருக்கு மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ காத்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். உள்ளே சிக்னலை நம்பமுடியாது. ஏறிப்போகும்போதே, கடைசியாக எந்த வளைவில் சிக்னல் கிடைத்தது என்று பார்த்து வையுங்கள்.