இழைப்புளிப் பிளேடைக் கையால் தீட்டிப் பழகுங்கள்

தேவிபட்டினத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் பெரிய தூரமில்லை. துடைக்காமல் வைத்த பிளேடு இரண்டே நாளில் துருப் பூத்துவிடும். அதனால் இந்தக் கரையில் மரவேலை பழக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, இழைக்கும் முன் தீட்டப் பழகுங்கள் என்பதுதான்.

ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைஸும் உள்ள சாணைக்கல், மிஷின் எண்ணெய், கறுப்பு மார்க்கர், பழைய தோல் பெல்ட், கந்தல் துணி. இவ்வளவு போதும். கல் இல்லையென்றால் கனமான கண்ணாடித் துண்டின் மேல் 220, 400, 800, 1500 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாக ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு போர் தண்ணீர் வேண்டாம், இங்கே அது உப்பு. குடிக்கிற தண்ணீரையே தெளியுங்கள். கல்லுக்குச் சமையல் எண்ணெய் ஆகாது. நாளானால் பிசுபிசுத்துக் கல்லை அடைத்துவிடும்.

முதலில் பிளேடின் தட்டையான பின்பக்கம். முனையை ஒட்டிய ஓர் அங்குலத்தைக் கல்லில் படுக்கவைத்துத் தேயுங்கள். முனை நெடுக ஒரே மாதிரி மினுங்கும்வரை விடாதீர்கள். புதுப் பிளேடுக்கு இது அரைமணி நேரம்கூட எடுக்கும், ஆனால் ஒரு தடவை செய்தால் போதும்.

அடுத்தது சரிவு, அதாவது பின்பக்கத்துக்கு எதிரே முனையை நோக்கிச் சாய்வாக இறங்கும் முகம். சரிவின் நீளம் பிளேடின் கனத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால் அது 30 டிகிரி: 3 மி.மீ. கனத்துக்கு 6 மி.மீ. சரிவு. சரிவு முழுக்க மார்க்கர் மை பூசி, கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பாருங்கள். முனைப்பக்கம் மட்டும் மை அழிந்தால் பிளேடைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். பின்னால் மட்டும் அழிந்தால் உயர்த்துங்கள். கோணம் பிடிபட்டதும் மணிக்கட்டைப் பூட்டிக்கொண்டு தோளிலிருந்து தள்ளுங்கள். மணிக்கட்டு ஆடினால் சரிவு உருண்டுவிடும்.

இனி வருவதுதான் முக்கியம். சரிவைத் தேய்க்கத் தேய்க்க முனையில் மெல்லிய பிசிறு ஒன்று பின்பக்கமாக மடங்கும். பின்பக்கத்திலிருந்து கட்டைவிரலை வெளிப்பக்கமாக வழித்தால் நகத்தில் இடறும். (முனை நெடுக விரலை ஓட்டாதீர்கள், அறுத்துவிடும்.) எனக்குக் கற்றுக்கொடுத்த வள்ளம் கட்டும் ஆசாரி கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பிசிறு வந்துருச்சா தம்பி? வரலேன்னா கல்லத் திருப்பாத." இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை விரலில் இடற வேண்டும். நடுவில் அரை அங்குலம் விட்டுப்போனாலும் அந்த இடம் இன்னும் மொண்ணைதான்.

பிசிறு வந்தபின் நைஸ் பக்கம். சரிவில் பத்துப் பதினைந்து இழுப்பு, பிறகு பின்பக்கத்தைப் படுக்கவைத்து இரண்டு இழுப்பு. மாற்றி மாற்றிச் செய்தால் பிசிறு மெலிந்து உதிரும். கடைசியில் தோல் பெல்ட்டில் பின்னோக்கி மட்டும் இழுங்கள். முன்னே தள்ளினால் தோல் வெட்டுப்படும்.

வெயிலில் முனையை நேராகப் பாருங்கள். வெள்ளைக் கோடோ புள்ளியோ மின்னினால் அங்கே கூர் ஏறவில்லை. கூரான முனையில் வெளிச்சம் தங்காது.

அவசரத்துக்கு மோட்டார் சாணையில் கொடுப்பதாக இருந்தால் அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். என் முதல் பிளேடை அப்படி ஓரிடத்தில் கொடுத்து ஓரம் நீலமாகித் திரும்பியது. நீலம் ஏறினால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். எத்தனை முறை தீட்டினாலும் சீக்கிரம் மழுங்கும். அந்த நீலம் முழுவதையும் கல்லில் தேய்த்தெடுக்க எனக்கு இரண்டு சாயங்காலம் ஆனது.

பிளேடைத் திரும்பப் பூட்டி, பூவரசுத் துண்டு ஒன்றில் இழைத்துப் பாருங்கள். உடையாமல் நீளமாகச் சுருள் வர வேண்டும். வேலை முடிந்ததும் வியர்வைக் கை பட்ட இடத்தையெல்லாம் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கடல்காற்று படாத அலமாரியில் வையுங்கள்.