ஊற்று நீரைச் சோதனைக்கு எடுப்பது எப்படி?

நீலகிரியில் கேத்திப் பக்கம் கேரட்டும் பூண்டும் விளையும் சரிவுகளுக்குக் கீழே உள்ள ஊற்றுகளில், உரத்திலிருந்து நீரில் கரைந்து வரும் நைட்ரேட் எவ்வளவு என்று பார்க்கக் கல்லூரி மாணவர்கள் வருவதுண்டு. ஆய்வக உதவியாளன் என்பதால் குப்பி கழுவுவதிலிருந்து நான்தான் சொல்லித்தருகிறேன். முதலில் சொல்வது: மேலே ஏறுங்கள். தோட்டங்களுக்கு மேலே, சோலைக்காட்டுக்குள்ளிருந்து வரும் நீரில் ஒரு குப்பி எடுக்காமல் கீழே எத்தனை குப்பி நிரப்பினாலும் பயனில்லை.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் போன்ற கடலோரத்தில் நிலத்தடி நீரை மிதமிஞ்சி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. அங்கே உப்பில் உள்ள குளோரைடு எகிறி நின்று தானே காட்டிக்கொடுத்துவிடும். நம் மலை நீரோ இயல்பிலேயே உப்புக் குறைந்தது; இங்கே சேர்ந்தது எவ்வளவு என்பது மேல் நீரோடு ஒப்பிட்டால்தான் தெரியும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. ஊற்றில் 20 வந்தால் ‘வரம்புக்குள் உள்ளது’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். சோலை நீரில் 2 தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 18 எங்கிருந்து வந்தது? ஆய்வு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வேண்டும். காட்டெருமையிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊற்றுக்கண்ணில் யாராவது கறுப்புக் குழாய் செருகியிருப்பார்கள். அதன் மறுமுனையில் பிடிக்காதீர்கள். குழாய்க்குள் படிந்திருக்கும் பாசியும் சேர்ந்து வரும். ஊற்றுக்கண்ணுக்கே போய், நீர் ஓடும் திசைக்குக் கீழ்ப்புறமாக நில்லுங்கள். கலங்கினால் தெளியும்வரை பொறுங்கள். நைட்ரேட்டுக்கான குப்பியை அதே நீரில் மூன்று முறை அலசிக் கொட்டிவிட்டு, வாயை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பி நிரப்புங்கள். கிருமிச் சோதனைக்கான குப்பி வேறு: கிருமி நீக்கம் செய்தது, அலசவே கூடாது, மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது, மேலே கொஞ்சம் இடம் விட வேண்டும். இரண்டையும் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகத்தில் சேருங்கள். ஊட்டிக் குளிரே போதும் என்று வாதாடுகிறவர்கள் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கிப் பார்க்கட்டும்.

குப்பியில் இடம், தேதி, நேரம் எழுதுவதோடு கடைசி மழை எப்போது, உரம் போட்டது எப்போது என்பதையும் எழுதுங்கள். நைட்ரேட் மண்ணில் அவ்வளவாகத் தங்காது, மழையோடு கீழே இறங்கிவிடும். ஆகவே கோடையில் ஒரு முறை, உரமிட்ட பின் பெய்யும் மழைக்குப் பிறகு ஒரு முறை எடுப்பது நல்லது. உரக் கணக்கைத் தோட்டக்காரரிடம்தான் கேட்க வேண்டும். கையில் குப்பியோடு போய் நின்றால் வாய் திறக்க மாட்டார். “அண்ணா, பூண்டு என்ன விலை போகிறது?” என்று தொடங்குங்கள், டீ ஆறுவதற்குள் எத்தனை மூட்டை போட்டார் என்பது வரை வந்துவிடும்.

மலத்தில் இருக்கும் ஈ.கோலை கிருமியும் சேர்ந்து வந்தால் எருவையோ கழிப்பறைக் குழியையோ சந்தேகிக்கலாம். மூட்டை உரத்தில் அது கிடையாது. அறிக்கையில் ‘நைட்ரேட் நைட்ரஜன்’ என்றிருந்தால் அது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும்; 4.43ஆல் பெருக்கிய பிறகே 45ஓடு ஒப்பிடுங்கள். இதைக் கவனிக்காமல் 12 என்பதைப் பார்த்து நிம்மதி அடைந்தவர்கள் உண்டு. அது உண்மையில் 53.

45ஐத் தாண்டிய ஊற்றைக் குடிக்கும் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அறிக்கை அச்சாகும்வரை காத்திருக்காமல் போய்ச் சொல்லுங்கள். காய்ச்சினால் நைட்ரேட் போகாது, நீர் வற்ற வற்ற அளவு கூடத்தான் செய்யும். பால்பவுடர் கலக்க வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லுங்கள்.