பாக்ஸ்லேஅவுட்டில் லேபிள் மட்டும் தள்ளி நிற்கிறதா?

ஜாவா ஸ்விங்கில் (ஜாவா நிரல்களுக்குத் திரை அமைக்கும் கருவித்தொகுப்பு) பாக்ஸ்லேஅவுட் (பொருள்களை ஒரே வரிசையில் அடுக்கும் முறை) வைத்து மேலிருந்து கீழாக அடுக்கும்போது ஒரு லேபிளோ பட்டனோ கோணலாக நின்றால், அதை மட்டும் நகர்த்தப் பார்க்காதீர்கள். அந்த அடுக்கில் உள்ள எல்லாவற்றுக்கும் செட்அலைன்மென்ட்எக்ஸ் (setAlignmentX) என்ற மெத்தட் மூலம் ஒரே மதிப்பைக் கொடுங்கள். இடப்பக்கம் ஒட்டி நிற்க 0, நடுவில் நிற்க 0.5.

காரணம் இதுதான்: ஜேலேபிள், ஜேபட்டன் இரண்டுக்கும் இயல்பான மதிப்பு 0. ஜேடெக்ஸ்ட்ஃபீல்டு (எழுத்து உள்ளிடும் பெட்டி), ஜேஸ்க்ரோல்பேனுக்கு (உருட்டிப் பார்க்கும் பெட்டி) 0.5. பாக்ஸ்லேஅவுட் ஒரு கற்பனைக் கோடு போட்டு, லேபிளின் இடது ஓரத்தையும் டெக்ஸ்ட்ஃபீல்டின் நடுப்புள்ளியையும் அதே கோட்டில் வைக்கும். அதனால் லேபிள் டெக்ஸ்ட்ஃபீல்டின் பாதி அகலத்துக்கு வலப்பக்கம் தள்ளிப்போகும். குற்றவாளி பெரும்பாலும் தள்ளி நிற்கும் லேபிள் அல்ல, பக்கத்தில் ஒழுங்காகத் தெரியும் டெக்ஸ்ட்ஃபீல்டுதான். எது எங்கே முடிகிறது என்று தெரியாவிட்டால், ஒவ்வொன்றுக்கும் தற்காலிகமாகச் சிவப்பு பார்டர் போட்டுப் பாருங்கள். உடனே புரிந்துவிடும்.

செட்ஹாரிஸான்டல்அலைன்மென்ட் (setHorizontalAlignment) மெத்தடுடன் இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது லேபிளுக்கு உள்ளே எழுத்தைத்தான் நகர்த்தும், லேபிளை அல்ல.

கிரிட்பேக்லேஅவுட், பார்டர்லேஅவுட், ஃப்ளோலேஅவுட் ஆகிய மற்ற அடுக்கு முறைகளில் இந்த வழி பலிக்காது. அவை பொருள்களை அடுக்கும்போது இந்த மதிப்பைப் பார்ப்பதே இல்லை. கிரிட்பேக் என்றால் ஆங்கர் (கட்டத்துக்குள் எந்தப் பக்கம் நிற்பது), ஃபில் (கட்டத்தை நிரப்ப நீள்வதா) இரண்டையும் சரிபாருங்கள். பாக்ஸ்லேஅவுட்டிலேயே பக்கவாட்டில் அடுக்கியிருந்தால் மாற்ற வேண்டியது செட்அலைன்மென்ட்ஒய். டெக்ஸ்ட்ஃபீல்டு செங்குத்தாக நீண்டு வளர்வது வேறு சிக்கல். அதற்கு அதிகபட்ச உயரத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.