ஆளைக் கேட்டு வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால் எப்போது மறுக்கலாம்? ஒரு செய்முறை விளக்கம்

குற்ற வழக்குக்காக ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஆளையோ ஆதாரத்தையோ கேட்டால், கேட்கப்பட்ட நாடு எப்போது மறுக்கலாம்? சட்டம் படித்த காலத்தில் ஒரு மூட் கோர்ட் போட்டியில் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) இந்தத் தலைப்பில் வாதாடித் தோற்றேன். மறுப்பதற்குப் பன்னிரண்டு காரணங்களை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன், மூன்றாவதைத் தாண்டவே விடவில்லை. அதன்பிறகு எனக்காக ஒரு வரிசை எழுதி வைத்துக்கொண்டேன். இன்றுவரை அந்த வரிசையில்தான் எந்தக் கோரிக்கையையும் படிக்கிறேன். ஒப்பந்தம் என்றால் என்ன, வாரண்ட் என்றால் என்ன என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக ஆரம்பிக்கிறேன்.

படி 1: கேட்பது ஆளையா, ஆதாரத்தையா?

ஆளைப் பிடித்துக் கொடு என்றால் அது ஒப்படைப்பு. வங்கிக் கணக்கு விவரம் கொடு, சாட்சியை விசாரித்து அனுப்பு என்றால் அது பரஸ்பர சட்ட உதவி. இரண்டுக்கும் மறுப்புக் காரணங்கள் பாதி ஒன்றுபோலவும் பாதி வேறாகவும் இருக்கும். நம் செய்திகளில் ‘நாடு கடத்தல்’ என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள். விசா காலம் முடிந்த ஒருவரை வெளியே அனுப்புவதும் நாடு கடத்தல், கொலை வழக்குக்காகக் கேட்டவரை ஒப்படைப்பதும் நாடு கடத்தல்! முன்னதில் இன்னொரு நாடு கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இந்தப் பதிவு முழுக்க நான் ‘ஒப்படைப்பு’ என்றே எழுதுகிறேன்.

படி 2: இரண்டு நிற ஹைலைட்டர்

இரு நாடுகளுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் படித்தால் எனக்கு ஓடாது. ‘மறுக்க வேண்டும்’ என்று வரும் இடங்களுக்குச் சிவப்பு, ‘மறுக்கலாம்’ என்று வரும் இடங்களுக்கு மஞ்சள். சிவப்பில் மாட்டினால் அரசுக்குத் தேர்வே இல்லை. மஞ்சள் என்றால் அரசு யோசித்து முடிவெடுக்கலாம்.

பழகிப் பார்க்க கையில் ஒப்பந்தம் இல்லையா? ஐ.நா. பொதுச்சபை 1990 டிசம்பர் 14 அன்று ஏற்ற ஒப்படைப்பு மாதிரி ஒப்பந்தத்தை எடுங்கள். அதில் 3ஆம் பிரிவு முழுக்கச் சிவப்பு, 4ஆம் பிரிவு முழுக்க மஞ்சள். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. சுருக்கம் எழுதும் இணையதளங்களை நம்பாதீர்கள், பெரும்பாலானவை சிவப்பையும் மஞ்சளையும் கலந்து ஒரே பட்டியலாகப் போட்டிருக்கும்.

பல நாடுகள் சேர்ந்த ஒப்பந்தம் என்றால் இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு நாடும் சேரும்போது கொடுத்த அறிவிப்புகளையும் படியுங்கள். 1957ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒப்படைப்பு உடன்படிக்கை ‘சொந்தக் குடிமக்களை மறுக்கலாம்’ என்று மஞ்சளில்தான் சொல்கிறது. ஆனால் ‘எங்கள் குடிமக்களைத் தரவே மாட்டோம்’ என்று அறிவிப்பு கொடுத்துச் சேர்ந்த நாடுகள் இருக்கின்றன.

படி 3: அந்தச் செயல் இங்கேயும் குற்றமா? (நான் விழுந்த இடம்)

இதற்கு இரட்டைக் குற்றத்தன்மை என்று பெயர். கேட்கும் நாட்டிலும் கேட்கப்படும் நாட்டிலும் அது குற்றமாக இருக்க வேண்டும், அதுவும் ஓரளவு கடுமையான குற்றமாக. ஓராண்டு அல்லது அதற்கு மேல் சிறை என்பது பல ஒப்பந்தங்களில் உள்ள அளவு.

போட்டியில் எனக்கு வந்த வழக்கில் குற்றச்சாட்டு ‘வயர் ஃபிராடு’. அமெரிக்கச் சட்டத்தில் உள்ள குற்றம் அது. தொலைபேசி, மின்னஞ்சல் மாதிரி வழிகளில் மாநில எல்லை தாண்டி நடக்கும் மோசடி. நான் எழுந்து, “எங்கள் தண்டனைச் சட்டத்தில் இந்தப் பெயரில் குற்றமே இல்லை” என்றேன். நீதிபதி இடத்தில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பெயரை விடுங்கள். அந்த ஆள் என்ன செய்தான், ஒரு வரியில் சொல்லுங்கள்.”

“பொய் சொல்லிப் பணம் வாங்கினான்.”

“அது உங்கள் நாட்டில் குற்றம் இல்லையா?”

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டேன்.

பார்க்க வேண்டியது செயலை, பெயரை அல்ல. மாதிரி ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: இரு நாடுகளும் குற்றத்தை ஒரே வகையில் வைத்திருக்க வேண்டியதில்லை, ஒரே பெயரில் அழைக்க வேண்டியதில்லை. வரி வழக்கிலும் அப்படியே. ‘எங்கள் நாட்டில் அந்த வகை வரியே இல்லை’ என்பது மறுக்கப் போதுமான காரணம் இல்லை. அதனால் இப்போது நான் செய்வது இதுதான்: கோரிக்கையில் உள்ள குற்றத்தின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, நடந்ததை மட்டும் நம் வீட்டுப் பாட்டிக்குச் சொல்வதுபோல் ஒரு வரி எழுதுவேன். அந்த ஒரு வரியை எடுத்துக்கொண்டுதான் உள்நாட்டுச் சட்டத்தைத் திறப்பேன்.

இன்னொரு கேள்வியும் கூடவே வரும்: எந்தத் தேதியில் குற்றமாக இருக்க வேண்டும்? சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசெட்டை ஸ்பெயின் கேட்டதால் 1998 அக்டோபரில் லண்டனில் கைது செய்தார்கள். வெளிநாட்டில் நடந்த சித்திரவதையும் பிரிட்டனில் குற்றம் என்ற சட்டப்பிரிவு அமலுக்கு வந்தது 1988 செப்டம்பர் 29 அன்று. செயல் நடந்த நாளில் அது பிரிட்டனிலும் குற்றமாக இருந்திருக்க வேண்டும் என்று 1999 மார்ச்சில் பிரபுக்கள் சபை (அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அதுதான்) சொன்னது. அவர் ஆட்சிக்கு வந்தது 1973இல். குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி அந்த ஒரு தேதியாலேயே உதிர்ந்துபோனது.

படி 4: அரசியல் குற்றமா?

எல்லாரும் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான், தேறுவது குறைவு. 1890இல் சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்தில் மக்கள் கிளர்ந்தெழுந்து அரசு மாளிகைக்குள் புகுந்தபோது, காஸ்டியோனி என்பவர் அரசு உறுப்பினர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு இங்கிலாந்துக்கு ஓடினார். கிளர்ச்சியின் பகுதியாக நடந்தது என்று சொல்லி நீதிமன்றம் ஒப்படைக்க மறுத்தது. நான்கே ஆண்டு கழித்து, பாரிஸில் ஒரு கஃபேயில் குண்டு வைத்த மியூனியே என்ற அராஜகவாதியின் வழக்கு வந்தது. ஆட்சியைப் பிடிக்கப் போராடும் இரு தரப்பு வேண்டும், எந்த அரசுமே வேண்டாம் என்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லி ஒப்படைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒப்பந்தங்கள் இந்தக் கதவை இன்னும் ஒடுக்கின. இனப்படுகொலையை ஒப்படைப்பு விஷயத்தில் அரசியல் குற்றமாகக் கருதக்கூடாது என்கிறது 1948 உடன்படிக்கை. பயங்கரவாதக் குண்டுவெடிப்புக்கான 1997 உடன்படிக்கையும் அதையே செய்கிறது. ஆனால் இதன் தம்பிபோல் இன்னொரு காரணம் இருக்கிறது, அது உயிரோடுதான் இருக்கிறது: குற்றம் சாதாரணமானதே, ஆனால் ஆளைக் கேட்பது அவருடைய மதத்துக்காக, இனத்துக்காக, கருத்துக்காக என்றால் மறுக்க வேண்டும். மாதிரி ஒப்பந்தத்தில் இது சிவப்பு. அரசியல் என்று வாதாட ஆசைப்படுகிறவர்கள் இங்கே வந்து தேடுங்கள்.

படி 5: அங்கே போனால் அவருக்கு என்ன நடக்கும்?

சித்திரவதை நடக்கும் என்று நம்ப வலுவான காரணம் இருந்தால் அனுப்பக்கூடாது. 1984 சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையின் 3ஆம் பிரிவு இது. பேரத்துக்கு இடமே இல்லை.

மரண தண்டனையில் பேரம் உண்டு. ஸோரிங் என்ற ஜெர்மானியரைக் கொலை வழக்கில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக்கு அனுப்ப பிரிட்டன் தயாரானது. கிடைத்த உறுதிமொழி என்ன தெரியுமா? மரண தண்டனை வேண்டாம் என்ற பிரிட்டனின் விருப்பத்தைத் தண்டனை விதிக்கும்போது நீதிபதியிடம் தெரிவிப்போம் என்பது மட்டும். தண்டனைக்காகக் காத்துக்கொண்டு ஆறிலிருந்து எட்டு ஆண்டு கொட்டடியில் கிடப்பதே மனிதத்தன்மையற்றது, அனுப்பினால் அது உரிமை மீறல் என்று 1989 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு மரண தண்டனைக்குரிய குற்றச்சாட்டே வராது என்று உறுதியான பிறகு அவரை அனுப்பினார்கள். ஆகவே உறுதிமொழியைப் படிக்கும்போது ‘தெரிவிப்போம்’, ‘முயல்வோம்’ போன்ற சொற்களை வட்டமிடுங்கள்.

படி 6: மிச்சத்தை வேகமாக

மறுக்க இன்னும் சில காரணங்கள் உண்டு: அதே குற்றத்துக்கு ஏற்கெனவே இங்கே தீர்ப்பு வந்துவிட்டதா, வழக்குத் தொடரும் காலவரம்பு முடிந்துவிட்டதா, ஆள் இல்லாமலேயே அங்கே தண்டித்துவிட்டார்களா, ராணுவ ஒழுங்குக் குற்றம் மட்டும்தானா, சொந்தக் குடிமகனா, வயதும் உடல்நிலையும் எப்படி? கடைசிக் கேள்வியை ஒப்புக்குக் கேட்காதீர்கள். பினோசெட்டை 2000 மார்ச்சில் ஊருக்கு அனுப்பியது விசாரணையைத் தாங்கும் உடல்நிலை இல்லை என்ற காரணத்தால்தான்.

படி 7: ஆதாரம் மட்டும் கேட்டிருந்தால்

இங்கே, கொடுத்தால் நம் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு கெடும் என்று சொல்லி மறுக்க ஒரு அகலமான கதவு இருக்கிறது. ஒப்படைப்பு மாதிரி ஒப்பந்தத்தில் அது கிடையாது. ஆனால் வங்கி ரகசியம் என்று சொல்லித் தப்ப முடியாது, ஊழலுக்கு எதிரான 2003 ஐ.நா. உடன்படிக்கை அதை அடைத்துவிட்டது. நேராக ‘முடியாது’ என்று எழுதுவதற்கு முன்னால், நிபந்தனையோடு கொடுக்கலாமா, உள்நாட்டு விசாரணை முடியும்வரை தள்ளிப்போடலாமா என்று பார்க்க வேண்டும். ஆள் விஷயத்திலும், குடிமகன் என்பதற்காக மறுத்தால், கேட்ட நாடு கோரினால் இங்கேயே வழக்குத் தொடர வேண்டும் என்று பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன.

பின்சேர்க்கை 1: இன்டர்போல் ரெட் நோட்டீஸ் வந்துவிட்டால் மறுக்க முடியாதா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். அது கைது வாரண்ட் இல்லை. ஆளைத் தேடிப் பிடித்து வைக்கச் சொல்லும் வேண்டுகோள், அவ்வளவே. அதற்கு எவ்வளவு மதிப்பு என்பதை ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி முடிவுசெய்யும். மேலே சொன்ன படிகள் எல்லாம் அதன் பிறகுதான் ஆரம்பம்.

பின்சேர்க்கை 2: ‘ஒரு குற்றத்துக்காக வாங்கிக்கொண்டு போய் வேறு பழைய குற்றத்துக்கு விசாரித்தால்?’ நல்ல கேள்வி, நான் விட்டுவிட்டேன். ஒப்படைத்த நாடு சம்மதிக்காமல் அப்படிச் செய்யக்கூடாது. இந்தப் பாதுகாப்பு இல்லாத நாட்டுக்கு ஆளைத் தர பிரிட்டன் சட்டம் தடை போடுகிறது. ஆனால் இதற்கு ஆயுள் உண்டு. 1957 உடன்படிக்கைப்படி, இறுதியாக விடுதலையாகி, போக வாய்ப்பிருந்தும் 45 நாள் அந்த நாட்டிலேயே இருந்துவிட்டால் பழைய வழக்கையும் எடுக்கலாம். அதனால் விடுதலை நாளன்று வழக்கறிஞர் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை ‘வாழ்த்துகள்’ இல்லை, ‘டிக்கெட் போட்டாச்சா?’