பாறையில் நின்று லூர் வீச முதல் ராடு வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், எனக்குச் சற்றுத் தள்ளியிருந்த பாறையில் ஓர் இளைஞர், மீனை ஏமாற்றும் செயற்கை இரையான லூரை வீசிக்கொண்டிருந்தார். அவர் கையிலிருந்த ராடு, அதாவது தூண்டில் கழி, பதின்மூன்று அடி நீளம். அதன் அடிப்பகுதியில், வீசத்தக்க எடை 100–200 கிராம் என்று பொறித்திருந்தது. தூண்டில் நரம்பின் முனையில் தொங்கியதோ 18 கிராம் எடையுள்ள, சிறுமீன் வடிவ லூரான மின்னோ. உடல் முழுவதையும் திருப்பி அவர் வீசிய ஒவ்வொரு முறையும் அது பாறைக்கு மிக அருகிலேயே, வெண்ணுரைக்குள்ளேயே விழுந்தது. ஒரு மணி நேரத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் தொடங்கிய ஆண்டில் செய்த அதே தவற்றை, கிட்டத்தட்ட அதே கருவியோடு, இன்னொருவர் செய்வதைப் பார்த்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முடிச்சு அவிழ்வது, நரம்பைச் சுற்றும் ரீலில் அதைப் பிடித்து வைத்திருக்கும் பெயில் கம்பியைத் திறக்காமல் வீசுவது, வீடு திரும்பியதும் ரீலைக் கழுவ மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டால் அவற்றை யாரும் தாமாகவே திருத்திக்கொள்வார்கள். கருவியை வாங்கும்போதே நேர்ந்துவிடும் தவறுகள் அப்படிப்பட்டவை அல்ல. மாதக்கணக்கில் கூடவே இருந்து, குறை தம்மிடம்தான் இருக்கிறது என்று புதியவரை நம்பவைத்துவிடுகின்றன.

கனவில் வரும் மீனுக்காக ராடு வாங்குவது

நான் முதல் ராடு வாங்கச் சென்றபோது, பாறையில் நின்று பிடிக்கப்போகிறேன் என்று மட்டுமே கடைக்காரரிடம் சொன்னேன். "பாறை என்றால் பெரிய மீன் வரும், கனமானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர். எந்த லூரை, எத்தனை கிராமில் வீசப்போகிறேன் என்று அவர் கேட்கவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. கரையில் ஊன்றி வைத்து, கனத்த ஈயக் குண்டோடு இரையை எறிவதற்காகச் செய்யப்பட்ட ராடையும், அதற்கேற்ற 8000 அளவுள்ள பெரிய ரீலையும் வாங்கி வந்தேன். அந்த இணையோடு ஒரு பருவம் முழுவதும் போராடினேன். இன்றும் யாராவது அதே வகை ராடோடு பாறையில் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. எரிச்சல் அவர்மேல் இல்லை. லூரின் எடையைக் கேட்காமலே ராடை விற்கும் வழக்கத்தின்மேல்தான்.

வீசும்போது நம் கை லூரை நேரடியாக எறிவதில்லை. ராடைப் பின்னுக்குக் கொண்டுபோய் முன்னே செலுத்தும் அந்த நொடியில் லூரின் எடைதான் ராடை வளைக்கிறது. வளைந்த ராடு நிமிரும்போது, தேக்கி வைத்த விசை லூருக்குப் போய்ச் சேர்கிறது. 100 கிராமுக்கு வளையும்படி செய்யப்பட்ட ராடு 18 கிராமுக்கு அசைந்துகூடக் கொடுக்காது. அப்போது அது வெறும் கழியாகிவிடுகிறது. எத்தனை பலசாலி வீசினாலும் கழியிலிருந்து எறிந்த தொலைவுதான் கிடைக்கும். நான் இதை உணர்ந்தது, உடன் வந்த நண்பர் ஒருவர் தம்முடைய ஒன்பதரை அடி ராடை என் கையில் கொடுத்த நாளில்தான். என் லூரையே அதில் கட்டி, பாதி பலத்தில் வீசினேன். அது நான் அதுவரை எட்டியதைப்போல் இரு மடங்குக்கு மேல் போய் விழுந்தது. ஒரு பருவம் முழுவதும் மீன் உலவும் இடத்துக்கு லூர் போய்ச் சேரவே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

தொலைவு மட்டும் அல்ல, உணர்வும் போய்விடுகிறது. நல்ல மின்னோ ஒன்றைச் சீராகச் சுருட்டும்போது அதன் துடிப்பு, ராடு வழியாக உள்ளங்கைக்கு நடுக்கமாக வந்துகொண்டே இருக்கும். ஒரு துணுக்குப் பாசி முள்ளில் சிக்கினாலும் அந்த நடுக்கம் நின்றுவிடும். உடனே சுருட்டியெடுத்துப் பாசியை நீக்கிவிடலாம். தடித்த ராடு இதில் எதையும் சொல்லாது. பாசி ஒட்டிய லூரை ஒரு மீனும் திரும்பிப் பார்க்காது என்பதை அறியாமல், அரைமணி நேரம் பாசியை இழுத்துக்கொண்டிருந்த காலைகள் எனக்கு உண்டு.

சோர்வும் உண்டு. ஊன்றி வைக்கும் ராடின் எடை தாங்கியின் மேல் இருக்கும். லூர் ராடோ ஒவ்வொரு நொடியும் கையிலேயே இருக்கும். ஒரு காலைப் பொழுதில் 200 முறை வீசுவது எளிதாக நிகழும். அந்தக் கனத்த ராடும் ரீலும் சேர்ந்து ஒரு கிலோவை ஒட்டி வந்தன. இப்போது நான் வைத்திருப்பது அதில் பாதிதான். சோர்ந்த கையோடு நிற்பவர் லூரை ஆட்டுவதை விட்டுவிடுகிறார். பாறையில் காலூன்றுவதிலும் கவனம் குறைகிறது.

"அப்படியானால் பெரிய மீன் வந்தால் என்ன செய்வது?" என்று ஒவ்வொருவரும் கேட்கிறார்கள். அந்த மீனை நிறுத்துவது ராடின் தடிமனைவிட நரம்பும், மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் ரீலின் டிராக்கும்தான். 30 பவுண்டு இழுவை தாங்கும் நரம்பில் டிராக்கை அதன் நான்கில் ஒரு பங்குக்கு வைத்தால், ஏறத்தாழ மூன்றரைக் கிலோ இழுவை கிடைக்கும். இது சிறியதாகத் தோன்றினால், நரம்பின் முனையை ஒரு சுருள்வில் தராசில் கட்டி, ராடை வளைத்துப் பிடித்து மூன்றரைக் கிலோவை ஒரு நிமிடம் தாங்கிப் பாருங்கள். முன்கை நடுங்கத் தொடங்கிவிடும். அதற்கு மேற்பட்ட இழுவையை, ஈரப் பாறையில் நிற்கும் புதியவர் ஒருவர் பாதுகாப்பாகத் தாங்க மாட்டார். போதாக்குறைக்கு, சிறிய மீன் மாட்டும்போது விறைப்பான ராடும் நீளாத பின்னல் நரம்பும் சேர்ந்து முள்ளை வாயிலிருந்து கிழித்துவிடுகின்றன.

ஆகவே வாங்கும் வரிசையைத் தலைகீழாக மாற்றுங்கள். எந்த எடை லூர்களை அதிகம் வீசப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாறையிலிருந்து தொடங்குபவருக்குப் பெரும்பாலும் 15 முதல் 30 கிராம் வரை போதும். அந்த எடை நடுவில் வரும்படி 10–40 கிராம் என்று குறித்த ராடைத் தேடுங்கள். குறித்த மேல் எல்லையில் முழு பலத்தோடு வீசலாம் என்று பொருளில்லை. அதன் மூன்றில் இரண்டு பங்கு எடையில்தான் பெரும்பாலான ராடுகள் நன்றாக வேலை செய்கின்றன. நீளம் ஒன்பது முதல் பத்து அடி வரை இருக்கலாம். ஏழடி ராடோடு நின்றால், மீன் பாறையின் அடியை நோக்கி ஓடும்போது நரம்பு பாறை விளிம்பில் உரசும். பத்து அடிக்கு மேல் போனால் கைக்குப் பாரம். ராடு முடிவானபின் நரம்பு, கடைசியாக ரீல். பாறை என்றே பெயர்கொண்ட பெரிய மீன்களுக்கென்று (டிரெவல்லி இனம்) 80 கிராம் வரை தாங்கும் கனத்த இணை ஒன்று பின்னாளில் தேவைப்படலாம். அது இரண்டாவது ராடாக இருக்கட்டும்.

ரீலின் மேல் அச்சிட்ட பேரிங் எண்ணிக்கை

பத்துக்கு மேல் பேரிங் உள்ள ரீலை உயர்ந்தது என்று எண்ணி வாங்குபவர்கள், அந்தப் பேரிங்குகளுக்குள் உப்புநீர் புகாமல் தடுக்க என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. காப்பில்லாத பேரிங் ஒவ்வொன்றும் துருப்பிடிக்க இன்னோர் இடம். ஐந்தே இருந்தாலும், கடல்நீருக்கென்று அடைப்போடு செய்யப்பட்ட ரீல் பல ஆண்டுகள் உழைக்கும். மேற்சொன்ன ராடுக்கு 4000 அளவு பொருந்தும். கடையிலேயே டிராக்கைச் சற்று இறுக்கி, நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலிலிருந்து நரம்பை விரலால் மெதுவாக இழுத்துப் பாருங்கள். முதலில் தயங்கி நின்று, பிறகு வெடுக்கென்று சுழல்கிறது என்றால் அந்த ரீலை வைத்துவிடுங்கள். மீன் பாயும் முதல் நொடியில் நரம்பு அறுவது அந்தத் தயக்கத்தில்தான்.

பின்னல் நரம்பை வெற்று ஸ்பூலில் நேரடியாகச் சுற்றினால், சுற்றிய நரம்பு முழுவதும் வழுக்கிச் சுழலும். அடியில் சில மீட்டர் நைலான் நரம்பைச் சுற்றி, அதன்மேல் பின்னல் நரம்பை இறுக்கமாகச் சுற்ற வேண்டும். விளிம்புக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். விளிம்பு வரை நிரப்பினால் சிக்கல் கொத்தாக வெளியேறும். மிகவும் குறைத்தால் விளிம்பில் உரசி வீச்சு குறையும்.

மடக்கு ராடு

வேண்டாம். உப்பும் மணலும் மூட்டுகளில் ஏறியபின் அது மடங்கவும் மறுக்கும், நீளவும் மறுக்கும்.

பின்னல் நரம்பை நேரடியாக லூரில் கட்டுவது

பிஇ என்று குறிக்கப்படும் பின்னல் நரம்பு, அதன் தடிமனுக்கு வியக்கத்தக்க வலுவுடையது. 1.5 எண் நரம்பின் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். அந்த வலு நேராக இழுக்கும்போது மட்டுமே உண்டு. பாறையோடு ஒட்டி வளரும் கொட்டலசின் கூரிய விளிம்பில், இழுவையில் இருக்கும்போது ஒரு முறை உரசினால் போதும், அறுந்துவிடும். பாறையருகே வரை கொண்டுவந்த நல்ல பாறை மீன் ஒன்றை நான் இப்படி இழந்திருக்கிறேன். சுருட்டியெடுத்த நரம்பின் முனை பஞ்சு போல் பிரிந்திருந்தது. மீன் போனதைவிட, வாயில் மூன்று முள்ளோடு அது போனதே என்னை வெகுநாள் வருத்தியது.

ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 30 அல்லது 40 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடரை, அதாவது உரசலைத் தாங்கும் முன்துண்டு நரம்பை, பின்னல் நரம்புக்கும் லூருக்கும் நடுவே இணையுங்கள். எஃப்ஜி முடிச்சு மெல்லியது, ராடின் வளையங்களில் தட்டாமல் ஓடும். அது கைவராதவரை இரட்டை யூனி முடிச்சே போதும். எதைக் கட்டினாலும் எச்சிலால் ஈரப்படுத்தி இறுக்குங்கள், ஏனெனில் பின்னல் நரம்பு சூட்டைத் தாங்காது; உலர்ந்த முடிச்சை இறுக்கும் உராய்வே அதை நலிவாக்கிவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் லீடரை இரண்டு விரல்நகங்களுக்கு நடுவே ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்புத் தட்டினால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். கூரிய பற்களுள்ள சீலா மீன் உலவும் நீர் என்றால் லூருக்கு முன் ஒரு சாண் கம்பி லீடர் தேவை.

மெல்லிய ஸ்னாப்

லூரை லீடரில் மாட்டும் கொக்கியான ஸ்னாப், லீடரைவிட வலுக் குறைந்ததாக இருந்து திறந்துகொண்டால், மற்ற எல்லாக் கருவியும் வீண்.

பெட்டி நிறைய லூர்

நிறத்துக்கு ஒன்றாக இருபது மின்னோக்களை வாங்குவதைவிட, நீரின் வெவ்வேறு ஆழங்களுக்கு ஒவ்வொன்றாக நான்கைந்து வாங்குவது மேல். மிதக்கும் மின்னோ ஒன்று, நீர்ப்பரப்பில் ஓசையெழுப்பும் பாப்பர் ஒன்று, எதிர்க்காற்றையும் கிழித்துப்போகும் 30 கிராம் மெட்டல் ஜிக் (உலோக லூர்) ஒன்று, ஜிக்ஹெட்டில் (எடையுள்ள தலை கொண்ட முள்ளில்) கோத்த மென்மையான ரப்பர் மீன் ஒன்று. இவற்றில் முதலாவதைத்தான் புதியவர் கையில் முதலில் கொடுப்பேன். எதிரே பாறை தெரிந்தால் சுருட்டுவதை நிறுத்தினால் போதும், அது தானாக மேலே எழும்பிவிடும். மூழ்கும் மெட்டல் ஜிக்கை அதே இடத்தில் நிறுத்தினால் பாறை இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். ஜிக்கின் கீழ்முனையில் தொங்கும் மூன்று முனை முள்ளைக் கழற்றிவிட்டு, மேல்முனையில் ஒற்றை முள்ளைக் கட்டினால் அப்படிச் சிக்குவது வெகுவாகக் குறையும். இதற்கு வளையம் விரிக்கும் குறடு ஒன்று தேவை. மாட்டிய மீனின் வாயிலிருந்து முள்ளை எடுக்கவும் அந்தக் குறடே உதவும்.

காலணியும் மிதவை அங்கியும்

ராடுக்கு முன் வாங்க வேண்டியவை.

மீனைக் கரையேற்றும் வழியை யோசிக்காமல் வாங்குவது

ராடு மீனோடு போராடுவதற்கானது, தூக்குவதற்கானது அல்ல. ராடைச் செங்குத்துக்கும் அப்பால் பின்னே சாய்த்து மீனைத் தூக்க முயலும்போது, பாரம் முழுவதும் அடித்தண்டை விட்டு மெல்லிய நுனிப்பகுதிக்கு வந்துவிடுகிறது. கார்பன் ராடுகள் மீன் ஓடும்போது முறிவதைவிட இப்படித்தான் அதிகம் முறிவதை நான் பார்த்திருக்கிறேன். முறிந்த ராடைக் கையில் வைத்துக்கொண்டு தயாரித்தவரைக் குறை சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். உயரமான பாறையில் நிற்பதாக இருந்தால், நான்கைந்து மீட்டர் நீளும் கைப்பிடி கொண்ட வலையையும் ராடு வாங்கும் அன்றே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாழ்ந்த பாறையில் அலையே உதவும். எழும் அலையோடு சேர்த்து இழுத்தால் மீன் பாறைத் தட்டின்மேல் வந்து படுக்கும். அலை பின்வாங்கும்போது இழுவையைக் கூட்டாமல் அப்படியே பிடித்து நிற்க வேண்டும். கையுறை அணிந்து லீடரைப் பற்றுவது அதன் பிறகுதான், அதுவும் ஈரம் படாத இடத்தில் நின்றபடி கைக்கெட்டினால் மட்டுமே. எட்டாவிட்டால் அடுத்த அலைக்குக் காத்திருக்கலாம். மீனுக்காக ஈரத் தட்டில் இறங்கக் கூடாது. மீன் எந்த இடத்தில் ஏறும், நான் எங்கே நிற்பேன் என்பதை, அலைகளை இருபது நிமிடம் பார்த்துத் தீர்மானித்த பிறகே பையைத் திறக்கிறேன். அப்படி ஓர் இடம் தென்படாத பாறையில் நான் லூரைக் கட்டுவதில்லை.